பழைய புடவையின் டெல்லிப் பயணம்

டெல்லிக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் போதும். "செங்கோட்டை பார்த்தீர்களா? குதுப்மினார் பார்த்தீர்களா? ஆக்ராவுக்கும் போயிருப்பீர்களே?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதெல்லாம் பார்த்தேன். அவற்றைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப் போவது வேறு விஷயம். நம்மைப் போன்ற குடும்பப் பெண்களின் பீரோவிலிருந்து வெளியேறும் பழைய புடவை அந்த ஊரில் என்னென்ன அவதாரம் எடுக்கிறது என்பதைத்தான். மூன்று வாரம் தங்கியதில் என் மனசை விட்டு இன்னும் அகலாதது அதுதான்.

என் தங்கை குடும்பம் மேற்கு டெல்லியில் ஜனக்புரியில் இருக்கிறது. திருச்சியிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸில் போய் நிஜாமுதீன் ஸ்டேஷனில் இறங்கியபோது தை மாதக் குளிர் எலும்பைத் துளைத்தது. தங்கையின் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். ஒத்தாசைக்குத்தான் போயிருந்தேன். இடையில் கிடைத்த நாட்களில் ஊர் சுற்றினோம்.

வாசலில் வந்த பாத்திரக்காரி

ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். வாசலில் ஒரு பெண் குரல் கொடுத்தாள். தலையில் பளபளவென்று எவர்சில்வர் பாத்திரங்கள் அடுக்கிய கூடை. தோளில் ஒரு துணி மூட்டை. நம் ஊரிலும் பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவர்கள் வருவது உண்டுதானே! அதே வியாபாரம்தான்.

தங்கை மூன்று புடவைகளையும் இரண்டு பேண்ட்களையும் எடுத்துப் போட்டாள். அந்தப் பெண் ஒவ்வொன்றையும் பார்த்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பேண்ட்டின் ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். முழங்கால் தேய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்தாள். புடவையை விரித்து மடிப்பு மடிப்பாகத் தடவினாள். நகைக்கடைக்காரர் தங்கத்தை உரைத்துப் பார்ப்பது போல இருந்தது. அரை மணி நேர பேரத்துக்குப் பிறகு ஒரு நடுத்தர அடுக்குப் பாத்திரம் கைமாறியது.

அவள் போனதும், "நல்லா ஏமாத்திட்டுப் போறாக்கா. அந்த பனாரஸ் சேலை ஒண்ணே இந்தப் பாத்திரத்துக்கு மேலே பெறும்" என்றாள் தங்கை.

"இவ்வளவு துணியையும் கொண்டு போய் இவள் என்னதான் செய்வாள்?" என்று கேட்டேன்.

"பக்கத்திலே ரகுபீர் நகர்லே பெரிய சந்தையே இருக்கு. ஆனா ராத்திரி மூணு நாலு மணிக்குப் போகணும்!" என்றாள். விடுவேனா நான்?

விடியுமுன் கூடும் சந்தை

மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு, காது வரை கம்பளியைச் சுற்றிக்கொண்டு, மாப்பிள்ளையையும் துணைக்கு எழுப்பி அழைத்துக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினோம். அந்தச் சந்தைக்கு கோடா மண்டி என்று பெயர். குதிரைச் சந்தை என்று அர்த்தம். குதிரை ஒன்றையும் காணோம். பனிமூட்டத்துக்குள் கண்ணுக்கெட்டிய தூரம் துணி, துணி, துணி!

தரையில் விரிப்பைப் போட்டு வரிசை வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் குஜராத்திலிருந்து வந்து குடியேறிய வாக்ரி சமூகத்தினர். தேவிபூஜக் என்றும் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். பகலெல்லாம் தெருத் தெருவாகப் பாத்திரம் சுமந்து துணி சேர்த்து, விடியுமுன் இங்கே கொண்டு வந்து விற்கிறார்கள். வாங்க வருகிறவர்கள் கையில் டார்ச் விளக்கோடு குனிந்து குனிந்து பார்க்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் வியாபாரம் முடிந்துவிடும்.

ஒரு பாட்டியம்மாளிடம் தங்கை இந்தியில் பேச்சுக் கொடுத்தாள். பாத்திரத்தை அவர்கள் மொத்த வியாபாரியிடம் கடனுக்கு எடுக்கிறார்களாம். துணி விற்றால்தான் கடன் அடையும். "சில நாள் பாத்திரக் காசு கூட வராது. அப்போதும் மறுநாள் கூடையைத் தூக்கத்தான் வேண்டும்" என்றாள். தங்கை இதைத் தமிழில் எனக்குச் சொல்லி முடித்தாள். அதன் பிறகு வீடு வருகிற வரை 'ஏமாத்திட்டா' என்ற வார்த்தை அவள் வாயில் வரவில்லை.

ஒரு சேலைக்கு எத்தனை பிறவி!

அங்கே எதுவும் வீண் இல்லை. நல்ல சட்டை, பேண்ட்களைத் துவைத்து, பட்டன் வைத்து, இஸ்திரி போட்டு வாரச் சந்தைகளில் விற்கிறார்கள். கூலி வேலை செய்கிறவர்களுக்கு அதுதான் கட்டுப்படியாகும் உடை. நைந்த பருத்திப் புடவைகள் தொழிற்சாலைகளில் இயந்திரம் துடைக்கும் துணியாகப் போகின்றன. கிழிந்த கம்பளி ஆடைகள் டெல்லிக்கு வடக்கே சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கும் பானிப்பட்டுக்குப் போய், நார் நாராகப் பிரிக்கப்பட்டு, மறுபடி நூலாகிக் கம்பளிப் போர்வையாகத் திரும்பி வருகின்றன.

பட்டுச் சேலைகளின் கதைதான் சுவாரசியம். ஜரிகையில் அசல் வெள்ளி இருந்தால் உருக்கி எடுப்பதற்கென்று ஆட்கள் உண்டு. நம் ஊரில் 'பழைய பட்டுப்புடவை வாங்கப்படும்' என்று பலகை தொங்குகிறதே, அது போலத்தான். வெள்ளி இல்லாவிட்டாலும் வேலைப்பாடும் நிறமும் நன்றாக இருந்தால் அதைத் தேடி வருகிறவர்கள் வேறு ரகம். தையல் கூடக்காரர்களும், ஏற்றுமதிக்காரர்களும், துணிக்கடைகளுக்காகப் பொறுக்கும் தரகர்களும் அவர்கள். அன்று என் கண்ணெதிரே ஒருவர் இருபது சேலைகளைப் புரட்டி மூன்றை மட்டும் எடுத்தார். அதில் ஒரு மயில்கழுத்து நிற பனாரஸ் சேலை 250 ரூபாய்க்குப் போயிற்று.

ஜன்பத்திலும் ஷாபூர் ஜாட்டிலும்

அந்தத் துணிகள் அடுத்து எங்கே தலைகாட்டுகின்றன என்று பார்க்க ஆசை. முதலில் கன்னாட் பிளேஸ் பக்கத்தில் ஜன்பத்துக்குப் போனோம். அங்கே குஜராத்திப் பெண்கள் நடைபாதை ஓரமாகக் கடை விரித்திருக்கிறார்கள். கட்ச், சௌராஷ்டிரப் பக்கத்து கிராமத்துப் பெண்கள் தங்களுக்காகக் கண்ணாடி பதித்துத் தைத்துக்கொண்ட பழைய பாவாடை, ரவிக்கைகளைப் பிரித்து, நல்ல துண்டுகளை மட்டும் சேர்த்து ஒட்டுப் போட்டுப் பையாகவும், சுவரில் மாட்டும் திரையாகவும், மேல்சட்டையாகவும் ஆக்கியிருக்கிறார்கள். ஒரே பையில் பத்து வீட்டுக் கைவேலை! பேரம் பேசித்தான் வாங்க வேண்டும்.

பிறகு தெற்கு டெல்லியில் ஷாபூர் ஜாட். பழைய சீரி கோட்டையின் மிச்சங்களுக்கு நடுவே இருக்கும் நகர்ப்புறக் கிராமம். குறுகிய சந்துகள். கீழே கண்ணாடிக் கதவு போட்ட டிசைனர் கடைகள், மாடியில் எம்பிராய்டரி பட்டறைகள். ஒரு கடையில் பழைய பனாரஸ் சேலையில் செய்த நீளக் கோட்டு ஒன்று தொங்கியது. முன்பக்கம் புட்டா போட்ட உடல் பகுதி, கைக்கு முந்தானை, கழுத்துப் பட்டிக்கு பார்டர். உள்ளே மெல்லிய பருத்தி லைனிங். வெட்டு அவ்வளவு நேர்த்தி! விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். 14,500 ரூபாய். அப்பப்பா!

விற்பனைப் பெண் சிரித்துக்கொண்டே விளக்கம் சொன்னாள். ஒரே சேலையில் ஒரே உடைதான் வரும், இதே மாதிரி இன்னொன்று உலகத்தில் கிடையாது, அதற்குத்தான் விலை என்றாள். நியாயம்தான். பழைய சேலையில் வெட்டுவது புதுத்தானில் வெட்டுவது போல அல்ல. எங்கே கறை, எங்கே இற்றது என்று பார்த்துப் பார்த்து அளவு போட வேண்டும். அந்த நேரத்துக்கும் புத்திக்கும் கூலி உண்டு. ஆனாலும் 250-க்கும் 14,500-க்கும் நடுவே எத்தனை கைகள் என்று என் மனம் கணக்குப் போட்டது. கூடை சுமந்தவள், தரம் பிரித்தவள், துவைத்தவர், வெட்டிய மாஸ்டர், மாடியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தைத்தவர். இவர்கள் கையில் எத்தனை போய்ச் சேர்ந்திருக்கும்? சீட்டில் அது எழுதியிருக்கவில்லை.

இது சில கடைகளோடு நிற்கும் மோகம் அல்ல. டெல்லியின் பெயர் பெற்ற டிசைனர் அமித் அகர்வால் பழைய பனாரஸ், பட்டோலா சேலைகளைக் கொண்டு நவீன உடைகள் செய்திருக்கிறார். பெல்ஜியம் நாட்டவரான மார்டின் மார்ஜியெலா 1988-ல் பாரிஸில் தொடங்கிய நிறுவனம் பழைய துணிகளைப் பிரித்துப் புது உடை செய்து பேர் வாங்கியது. ராணுவக் காலுறைகளைப் பிரித்து ஸ்வெட்டர் கூடச் செய்தார் அவர்! இதற்கெல்லாம் முன்னால், உலகப் போர் நேரத்தில் இங்கிலாந்தில் 1941-ல் துணிக்கு ரேஷன் வந்தது. 1943-ல் அரசாங்கமே 'இருப்பதைத் தைத்துச் சமாளியுங்கள்' என்ற பொருள்பட ஒரு கையேடு போட்டு வீட்டுப் பெண்களுக்குக் கொடுத்தது. அன்று அங்கே பஞ்சத்துக்குச் செய்தது இன்று நாகரிகமாகிவிட்டது.

கந்தையும் கந்தாவும்

ஐ.என்.ஏ. மார்க்கெட் எதிரில் 1994-ல் தொடங்கிய தில்லி ஹாட் இருக்கிறது. பல மாநிலக் கைவினைஞர்கள் முறை வைத்து வந்து கடை போடும் இடம். அங்கே வங்காளத்துக் கந்தா வேலையைப் பார்த்தேன். பழைய மெல்லிய பருத்திச் சேலைகளை மூன்று நாலு அடுக்காக வைத்து, பார்டரிலிருந்து உருவிய நூலாலேயே பொடிப்பொடியாக ஓட்டுத் தையல் போட்டு, குழந்தைக்கும் விருந்தாளிக்கும் போர்வை செய்வது அந்தப் பக்கத்துப் பாட்டிமார்களின் பழக்கம். இப்போது அதே பழைய போர்வைகளை வெட்டி மேல்சட்டையாகத் தைத்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள்.

'கந்தா' என்ற பெயரும் நம் 'கந்தை'யும் உறவுக்காரர்கள்தான். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சொன்ன ஊர்க்காரர்கள் ஆயிற்றே நாம்! பிறந்த குழந்தையைப் புதுத் துணியில் போடாமல் தாத்தாவின் பழைய வேட்டியில் போடுவதும், அம்மாவின் நூல் புடவையில் தூளி கட்டுவதும் நம் வழக்கம். பல முறை துவைத்த பருத்தி மெத்தென்று இருக்கும், வியர்வையை உறிஞ்சும், பிஞ்சு உடம்பை உறுத்தாது. காரணம் தெரிந்துதான் பெரியவர்கள் செய்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1999-ல் அன்ஷு குப்தா டெல்லியில் தொடங்கிய 'கூஞ்ச்' என்ற தொண்டு நிறுவனம், நாடெங்கும் சேரும் பழைய துணியில் பருத்தியைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்து, ஏழைப் பெண்களுக்கு மாதவிலக்கு நாட்களுக்கான துணிப் பட்டைகளாகத் தைத்துத் தருகிறது. அவருக்கு 2015-ல் மகசேசே விருது கிடைத்தது. பழைய துணிக்கு இதைவிட உயர்ந்த பிறவி இருக்க முடியுமா என்று எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவின் அரக்குப் புடவை

இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்த தங்கை மகள் ஒரு குண்டைப் போட்டாள். "பெரியம்மா, பாட்டியோட கல்யாணப் புடவை அம்மா பீரோவிலே சும்மாத்தானே இருக்கு? நிச்சயதார்த்தத்துக்கு அதிலே லெஹங்கா தைச்சுக்கறேனே!"

தங்கைக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா கட்டின புடவையிலே கத்திரி வைக்கறதா? என் உயிர் இருக்கிறவரை நடக்காது."

அது அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டு. அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. பீரோவிலிருந்து எடுத்து விரித்தோம். அம்மா உபயோகித்த சந்தன வாசனை லேசாக வந்தது. ஆனால் உடல் பகுதியில் மடிப்பு இருந்த இடமெல்லாம் நேர்கோடாக விட்டுப் போயிருந்தது. கையில் எடுத்தால் இன்னும் கிழிந்தது. எத்தனையோ வருஷமாக ஒரே மடிப்பில் இருந்த பட்டு அப்படித்தான் ஆகும். வைத்துப் பாதுகாக்கிறோம் என்று நினைத்திருந்தோம். புடவை உள்ளுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது.

தங்கை அழுதுவிட்டாள். அன்று யாரும் அதைப் பற்றி மேலே பேசவில்லை.

மறுநாள் அவளே, "அக்கா, ஒரு மாஸ்டர்கிட்டே காட்டிப் பார்ப்போமா?" என்றாள். பக்கத்துத் தெருவில் வயதான தையல்காரர். புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, லெஹங்கா வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இடுப்பில் சுருக்கு வைத்தால் பாரம் தாங்காது, ஒரே மணியில் கிழிந்துவிடும் என்றார். "முந்தானை நல்லா இருக்கு. அதை வெட்டாதீங்க. அப்படியே மல் துணி கொடுத்து தாவணி மாதிரி போடலாம். போன உடம்பிலேருந்து பார்டரை மட்டும் எடுத்துப் புதுப் பட்டுலே வைக்கிறேன்" என்றார். வெட்டாமலே ஆகிற வழி இருந்தால் முதலில் அதைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி.

நிச்சயதார்த்தத்தன்று பெண் அதைப் போட்டுக்கொண்டு வந்து நமஸ்காரம் செய்தபோது தங்கையின் கை தானாக அந்த முந்தானை மேல் போய் நின்றது. மீதித் துணியில் நல்ல துண்டுகளாகப் பொறுக்கி, எங்கள் ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு சுருக்குப் பை தைத்துக் கொடுத்தார் மாஸ்டர். என்னுடையது இப்போது என் பூஜை அலமாரியில் இருக்கிறது.

நீங்களும் செய்து பார்க்கலாம்

அந்த மாஸ்டரிடமும் கந்தா விற்ற பெண்மணியிடமும் கேட்டுக்கொண்டவற்றோடு என் அனுபவத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்:

* வெட்டுமுன் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு கட்டைவிரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். இழை விட்டால் அந்த இடத்தை ஒதுக்கிவிடுங்கள்.

* மடிப்புக் கோட்டின் மேல் தையல் வரக்கூடாது. கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் விட்டு வெட்டுங்கள்.

* பழைய பட்டுக்கு மல் துணி அடிக்கொடுப்பது அவசியம். மல் துணியை முன்னதாக நனைத்துச் சுருங்க விட்டுத் தையுங்கள். இல்லாவிட்டால் பிறகு சுருங்கிப் பட்டை இழுக்கும்.

* அக்குள், இடுப்பு போன்ற இழுபடும் இடங்களுக்குப் புதுத் துணி போடுங்கள். அளவு கொஞ்சம் தளர்த்தியாகவே இருக்கட்டும்.

* கடையிலோ சந்தையிலோ வாங்கிய பழைய பருத்தித் துணியைக் கொதிக்கும் நீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் காய வைத்த பிறகே உபயோகியுங்கள். வெந்நீரில் போட முடியாத துணியை ஒரு வாரம் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைத்து, பிறகு டிரை கிளீனிங்கிற்குக் கொடுங்கள். சிரங்கு மாதிரித் தொற்றுகள் பற்றிய பயம் இருக்காது.

* சாதாரணப் பட்டைப் பூந்திக்கொட்டை நீரில் அலசி நிழலில் உலர்த்தலாம். அசல் ஜரிகை உள்ளதை வீட்டில் துவைக்க வேண்டாம்.

* கைக்குழந்தைக்குத் தைப்பதானால் பருத்தி மட்டும். ஜரிகை, கண்ணாடி, மணி எதுவும் கூடாது. உறுத்தும். பிய்த்து வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்து.

* பீரோவில் இருக்கும் பட்டை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துக் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வையுங்கள். வெள்ளைத் துணியில் சுற்றி வைப்பது நல்லது. பாச்சை உருண்டை ஜரிகை மேல் படக்கூடாது. கறுத்துவிடும்.

டெல்லி போகிறவர்களுக்கு

கோடா மண்டிக்குப் போவதானால் தனியாகப் போகாதீர்கள். உள்ளூர்க்காரர் துணை வேண்டும். நகை வேண்டாம், சில்லறை நோட்டுகள் போதும். அவர்கள் பிழைப்பு நடக்கிற நேரம் அது. வேடிக்கை பார்த்துக்கொண்டு வழியில் நிற்காமல், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். ஜன்பத்துக்கும் தில்லி ஹாட்டுக்கும் மெட்ரோவிலேயே போகலாம். தில்லி ஹாட்டில் நுழைவுச் சீட்டு உண்டு. ஷாபூர் ஜாட்டில் வாங்காவிட்டாலும் வெட்டையும் தையலையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு வாருங்கள். தையல் தெரிந்தவர்களுக்கு அது ஒரு பாடசாலை.

அடுத்த முறை உங்கள் வாசலில் பழைய துணிக்காரி கூப்பிடும்போது, கொடுக்கப் போகும் புடவையை ஒரு முறை விரித்துப் பாருங்கள். உங்கள் பெண்ணுக்கு ஒரு ரவிக்கைக்காவது அதில் துணி தேறும் என்றால் எடுத்து வையுங்கள். தேறாது என்றால் சந்தோஷமாகக் கொடுங்கள். அவள் வெயிலில் வந்திருந்தால் பேரத்துக்கு முன்னால் ஒரு சொம்பு தண்ணீரும் கொடுங்கள்.